காசோலை மோசடி: வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சில்லறை வியாபாரம் கைபேசிக்கு மாறிவிட்டது. மொத்த வியாபாரம் முழுதாக மாறவில்லை. ஈரோட்டில் துணி எடுப்பவரும் திருப்பூரில் நூல் வாங்குபவரும் முப்பது நாள், அறுபது நாள் தவணைக்கு இன்றும் காசோலைதான் நீட்டுகிறார்கள். சிறு நிறுவனங்களின் கணக்குகளைப் பார்க்கும் வேலையில் எங்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். இந்தியச் சட்டமும் ரிசர்வ் வங்கியின் விதிகளுமே இதற்கு அடிப்படை.

எங்கள் கணக்கில் யாரோ காசோலை போட்டுப் பணம் எடுத்துவிட்டார்கள். நஷ்டம் எங்களுக்கா, வங்கிக்கா?

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்: அந்தக் காசோலையில் இருக்கும் கையெழுத்து உங்களுடையதா?

உங்களுடையது இல்லை, யாரோ போட்ட கள்ளக் கையெழுத்து என்றால், சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம் நிற்கிறது. நீங்கள் கட்டளை இடாத பணத்தை உங்கள் கணக்கில் கழிக்க வங்கிக்கு உரிமை இல்லை. அசலைப் போலவே அச்சு அசலாக இருந்தது என்ற சமாதானம் செல்லாது.

கையெழுத்து உங்களுடையதுதான், ஆனால் தொகையையோ பெயரையோ மாற்றியிருக்கிறார்கள் என்றால் நிலைமை சிக்கலாகிறது. மாற்றம் கண்ணுக்குத் தெரியாதபடி செய்யப்பட்டு, வங்கி நல்லெண்ணத்தோடும் கவனக்குறைவு இல்லாமலும் பணம் கொடுத்திருந்தால், 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 89ஆம் பிரிவு வங்கியைக் காப்பாற்றுகிறது. அடித்தல் திருத்தல் வெளிப்படையாகத் தெரிந்தும் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு வங்கிக்குக் கிடையாது.

கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையை நீங்களே கொடுத்து வைத்திருந்தீர்கள், அதை ஒருவர் நிரப்பிக்கொண்டார் என்றால் வங்கியிடம் வாதாட உங்களுக்கு அநேகமாக எதுவும் மிஞ்சாது.

கீழே உள்ள பதில்களில் பாதி, உங்களை இந்த மூன்றாம் நிலையிலிருந்து விலக்கி வைப்பதற்காகவே எழுதப்பட்டவை.

"மாதாமாதம் கணக்கு அறிக்கை அனுப்பினோம், நீங்கள் அப்போதே சொல்லவில்லை" என்று வங்கி கைவிரிக்கிறது. இது சரியா?

கள்ளக் கையெழுத்து விஷயத்தில் இந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 1987இலேயே ஏற்க மறுத்துவிட்டது. கனரா வங்கிக்கும் கனரா சேல்ஸ் கார்ப்பரேஷனுக்கும் இடையிலான அந்த வழக்கை ஒவ்வொரு நிறுவனமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த ஒருவரே நிர்வாக இயக்குநரின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு, 42 காசோலைகளில் மூன்று லட்சம் ரூபாய்க்கும் மேல் எடுத்திருந்தார். பல ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. பாஸ் புத்தகத்தைச் சரிபார்க்காதது கவனக்குறைவு என்று வங்கி வாதிட்டது. பாஸ் புத்தகத்தைப் பார்த்துப் பிழையைச் சுட்டிக்காட்டும் சட்டக் கடமை வாடிக்கையாளருக்கு இல்லை என்றும், வெறும் கவனக்குறைவை வைத்து வங்கி தப்ப முடியாது என்றும் தீர்ப்பு வந்தது.

இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். அந்த வழக்கில் காசோலைப் புத்தகத்தை வைத்திருந்தவரும் கணக்கு எழுதியவரும் ஒரே ஆள். அதனால்தான் அது அத்தனை காலம் மறைந்திருந்தது. மோசடி நடந்தது 1957 முதல் 1961 வரை. கடைசித் தீர்ப்பு வந்தது 1987இல். ஜெயிப்பதற்குள் கடையை மூட வேண்டி வரலாம்.

காசோலைத் தாள் எங்கள் பெட்டியிலேயே இருக்கிறது. அதே எண்ணில் பணம் போயிருக்கிறது. இது எப்படி நடக்கும்?

போலித் தாள் அச்சடித்து நடக்கிறது. ரிசர்வ் வங்கியே 2014 நவம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், அசல் தாள் வாடிக்கையாளரின் கையில் இருக்கும்போதே அதே வரிசை எண்ணில் காசோலைகள் பணமாக்கப்பட்டதைக் குறிப்பிட்டு எச்சரித்தது.

போலி தயாரிப்பவருக்குத் தேவையான விவரங்களை அநேகமாக நாமே கொடுத்துவிடுகிறோம். காசோலையின் அடியில் காந்த மையில் அச்சிட்ட பட்டையில் ஆறு இலக்கக் காசோலை எண்ணும், ஊர், வங்கி, கிளை மூன்றையும் குறிக்கும் ஒன்பது இலக்க எண்ணும் இருக்கின்றன. மேலே கணக்கு எண். வலப்பக்கம் கையெழுத்து. "செக் போட்டாச்சு பாருங்க" என்று முழுக் காசோலையையும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கம் சந்தை முழுவதும் பரவியிருக்கிறது. அந்தப் படம் எத்தனை கைபேசிகளுக்குப் போகும் என்று அனுப்பியவருக்குத் தெரியாது. காசோலை எண்ணையும் தொகையையும் குறுஞ்செய்தியாக அனுப்பினாலே போதும். படம் கேட்டே தீருவேன் என்பவருக்குக் கையெழுத்தையும் அடிப்பட்டையையும் மறைத்து அனுப்புங்கள்.

பணம் எடுக்கும் நேரத்தில் உங்களுக்குக் குறுஞ்செய்தி வந்துவிடக் கூடாது என்பதற்காக, உங்கள் சிம் கார்டைத் திருட்டுத்தனமாக மாற்றி எண்ணைச் செயலிழக்கச் செய்வதும் உண்டு. வங்கியில் பதிவு செய்த எண்ணில் காரணமில்லாமல் சிக்னல் போய்விட்டால், தொலைபேசி நிறுவனத்தை அழைப்பதற்கு முன் வங்கியை அழையுங்கள். மின்னஞ்சல் தகவலையும் சேர்த்துப் பெற்றுக்கொள்வது நல்லது.

பாசிட்டிவ் பே என்றால் என்ன? எங்களுக்கு அது அவசியமா?

அவசியம் என்றே சொல்வோம். நீங்கள் ஒரு காசோலை எழுதியதும் அதன் எண், தேதி, பெறுபவர் பெயர், தொகை ஆகியவற்றை வங்கிக்குத் தெரிவித்துவிடுகிறீர்கள். காசோலை கிளியரிங்குக்கு (வங்கிகள் தங்களுக்குள் காசோலைகளைப் பரிமாறிப் பணத்தைத் தீர்த்துக்கொள்ளும் முறைக்கு) வரும்போது நீங்கள் சொன்ன விவரமும் தாளில் இருப்பதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கப்படும். ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே சிவப்புக் கொடி விழும். 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 50,000 ரூபாய் முதல் எந்தத் தொகைக்கும் வாடிக்கையாளர் இதைக் கேட்டுப் பெறலாம். 5 லட்சமும் அதற்கு மேலும் உள்ள தொகைகளுக்கு இதைக் கட்டாயமாக்கும் அதிகாரம் வங்கிகளுக்குத் தரப்பட்டிருக்கிறது. கட்டாயமாக்கிய வங்கியில் விவரம் தராமல் காசோலை கொடுத்தால் அது திரும்பி வந்து உங்கள் நாணயத்தைக் கெடுக்கும்.

வங்கியின் செயலி, இணைய வங்கிச் சேவை, கிளை என்று பல வழிகளில் விவரம் கொடுக்கலாம். காசோலையைக் கையில் கொடுக்கும் அன்றே செய்துவிடுங்கள். பெறுபவர் எந்த நேரத்தில் போடுவார் என்று தெரியாது; கடைசி நேரத்தில் கொடுக்கும் விவரத்தை வங்கி ஏற்காமல் போகலாம்.

விதியில் இன்னொரு கூறு இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. இந்தத் திட்டத்தில் வரும் தொகைக்கான காசோலைகளில், விவரம் பதிவு செய்யப்பட்டவை மட்டுமே கிளியரிங் அமைப்பின் தகராறு தீர்க்கும் முறைக்குள் ஏற்கப்படும். பின்னால் சண்டை வந்தால் உங்கள் கை ஓங்குவதற்கும் இந்தப் பதிவு தேவை.

அதைச் செய்துவிட்டால் முழுப் பாதுகாப்புதானே?

இல்லை. 50,000 ரூபாய்க்குக் கீழே இருப்பவை இதில் வராது. மோசக்காரருக்கும் இந்த வரம்பு தெரியும். 49,000, 48,500 என்று எழுதுவார். உங்கள் வங்கியின் கிளையிலேயே நேரடியாக நீட்டப்படும் காசோலைகளுக்கும் இந்தச் சரிபார்ப்பு உண்டா என்பது அந்தந்த வங்கியின் முடிவு. கிளையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது: விவரத்தைப் பதிவு செய்பவரே மோசடி செய்பவராக இருந்தால் எல்லாம் சரியாக ஒத்துப்போகும். காசோலை எழுதும் கணக்காளரிடமே இணைய வங்கியின் கடவுச்சொல்லையும் கொடுத்து வைத்திருக்கும் அலுவலகங்களில் பாசிட்டிவ் பே வெறும் சடங்கு.

எழுதும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

முதலில் பேனா. சாதாரணப் பந்துமுனைப் பேனாவின் மையைச் சில கரைப்பான்கள் கழுவி எடுத்துவிடும். நிறமித் துகள் கலந்த கருப்பு ஜெல் மை தாளுக்குள் ஊறிவிடுவதால் கழுவுவது கடினம். 89ஆம் பிரிவை நினைவில் வையுங்கள்: தடம் தெரியாமல் மாற்ற முடிந்தால் நஷ்டம் உங்கள் தலையில் விழலாம். பத்து, இருபது ரூபாய்ப் பேனா இங்கே சட்டப் பாதுகாப்பாகவும் ஆகிறது. உங்கள் பேனாவிலேயே எழுதுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் நீட்டும் பேனாவில் ஒருபோதும் எழுதாதீர்கள்.

பெயரையும் தொகையையும் இடது ஓரத்தை ஒட்டித் தொடங்கி, மீதி இடத்தில் கோடிழுத்து அடையுங்கள். எண்ணால் 8,000 என்று எழுதும்போது முன்னால் சின்ன இடைவெளி இருந்தாலும் ஒரு இலக்கம் சேர்த்து 98,000 ஆக்கிவிடலாம். எழுத்தால் எழுதி "மட்டும்" என்று முடியுங்கள். பெறுபவரின் பெயரை முழுதாக எழுதுங்கள். சுருக்கப் பெயர் வேறொருவரின் கணக்குக்கும் பொருந்திவிடலாம்.

பிழை வந்துவிட்டால் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் பழைய வழக்கம் இப்போது உதவாது. மின்னணு கிளியரிங்குக்குப் போகும் காசோலையில் தேதியைத் தவிர வேறு எதிலும் திருத்தம் கூடாது என்ற விதி 2010 டிசம்பர் முதல் இருக்கிறது. தாளைக் குறுக்கே கிழித்து, எண்ணைக் குறித்து, அடிக்கட்டையோடு சேர்த்து வையுங்கள். குப்பையில் போடாதீர்கள்.

கோடு கிழித்துக் கொடுத்தால் போதாதா?

இடது மூலையில் இரண்டு கோடு போட்டால் ரொக்கமாக எடுக்க முடியாது, ஒரு கணக்கில்தான் வரவு வைக்க முடியும். அதற்குள் "பெறுபவர் கணக்கில் மட்டும்" என்று எழுதினால், பெயரில் உள்ளவரைத் தவிர வேறு யார் கணக்கிலும் வரவு வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கட்டளை இட்டிருக்கிறது. தாளில் அச்சாகியிருக்கும் "அல்லது கொண்டுவருபவருக்கு" என்ற சொற்களையும் மறக்காமல் அடித்துவிடுங்கள். இவற்றைச் செய்யாமல் ஒரு தாள்கூட அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. ஆனால் கோடு கிழிப்பது திருடப்பட்ட காசோலைக்குத்தான் மருந்து; போலித் தாள் அச்சடிப்பவன் தனக்கு வேண்டிய பெயரிலேயே அச்சடித்துக்கொள்வான்.

கடன் வாங்கித் தருவதாக வந்த முகவர் ரத்துசெய்த காசோலை கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கையெழுத்து இல்லாமல். கணக்கு எண்ணையும் கிளை விவரத்தையும் தெரிந்துகொள்ளத்தான் அந்தத் தாள். அதற்குக் கையெழுத்துத் தேவையே இல்லை. கையெழுத்து வேண்டும் என்று வற்புறுத்துபவரைச் சந்தேகியுங்கள். மறைந்துபோகும் மையில் "ரத்து" என்று எழுதவைத்து, பிறகு அதை அழித்துவிட்டுத் தாளைப் பயன்படுத்திய கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. உங்கள் பேனாவில், தாளின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, அடிப்பட்டையையும் வெட்டும்படி கோடிழுங்கள். முடிந்தவரை கணக்கு அறிக்கையின் முதல் பக்கத்தைக் கொடுத்துவிட்டுத் தாளைத் தவிர்ப்பது இன்னும் மேல்.

எங்கள் கணக்காளர் பல வருடமாக இருக்கிறார். அவரையும் சந்தேகிக்க வேண்டுமா?

அவரைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. எந்த ஒரு மனிதரிடமும் மூன்று வேலைகளையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள் என்கிறோம்: காசோலைப் புத்தகத்தை வைத்திருப்பது, காசோலையில் கையெழுத்திடுவது, வங்கிக் கணக்கோடு பேரேட்டைச் சரிகட்டுவது. நாங்கள் பார்த்த உள்வீட்டு மோசடிகளில் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு ஒரே கையில் இருந்திருக்கின்றன. நேர்மையானவருக்கும் இந்தப் பிரிவினை ஒரு கவசம். ஏதாவது தவறு நடந்தால் முதல் பழி அவர் மேல் விழாது.

ஒரே கணக்காளர் மட்டும் இருக்கும் கடையில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலாளி இரண்டு காரியங்களைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். காசோலைப் புத்தகம் முதலாளியின் பூட்டுக்குள் இருக்க வேண்டும். வங்கி அறிக்கையை முதலாளியே வங்கியிலிருந்து நேராக எடுத்துப் பார்க்க வேண்டும். கணக்காளர் அச்செடுத்துத் தரும் தாளையோ எக்செல் கோப்பையோ பார்ப்பது பார்த்ததாகாது. அதில் ஒரு வரியை நீக்க ஒரு நொடி போதும்.

வேலையாள் செய்யும் மோசடியில் கள்ளக் கையெழுத்து இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. உண்மையான கையெழுத்தை உங்களிடமே வாங்கிவிடுவார். ஒரே பில்லுக்கு இரண்டு முறை காசோலை வைப்பார். வழக்கமாகச் சரக்கு தரும் நிறுவனத்தின் பெயரைப் போன்றே ஒலிக்கும் பெயரில் உறவினர் ஒருவர் கணக்கு வைத்திருப்பார். ஆகவே கையெழுத்திடும்போது பில்லையும் சரக்கு வந்த சீட்டையும் கேளுங்கள். கையெழுத்துப் போட்டதும் பில்லின் மீது காசோலை எண்ணை நீங்களே எழுதிவிடுங்கள். அந்தப் பில் மறுபடி உங்கள் மேசைக்கு வர முடியாது. புதிய சப்ளையருக்கு முதல் காசோலை போகும் முன் அவருடைய ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பெயரைப் பாருங்கள்.

புதிய காசோலைப் புத்தகம் வந்ததும் தாள்களை எண்ணுங்கள். திருடுபவர் முதல் தாளை எடுப்பதில்லை. நடுவிலிருந்தோ கடைசியிலிருந்தோ ஒன்றை உருவுவார். அது தெரிய வர மாதங்கள் ஆகும்.

இன்னொன்று விடுப்பு. வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை குறைந்தது 10 வேலை நாள் தொடர்ச்சியாகக் கட்டாய விடுப்பில் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்த இடத்தில் வேறொருவர் உட்காரும்போதுதான் மறைத்தவை வெளிவரும். உங்கள் அலுவலகத்துக்கும் இதே விதியை வையுங்கள். ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத கணக்காளரைப் பாராட்டிப் பேசுகிறோம்; அந்தக் கணக்குகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

யாராவது வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே வங்கிக்கு எழுதிக் கொடுத்து, கையெழுத்து அதிகாரத்தையும் இணைய வங்கி உரிமையையும் நீக்கிவிடுங்கள்.

நான் வெளியூர் போகிறேன். பத்துத் தாளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போகலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் விதிவிலக்கே இல்லாமல் சொல்லும் பதில் இதுதான். அவசரப் பணத்துக்கு இணைய வழி இருக்கிறது; ஒருவர் பதிவு செய்ய, நீங்கள் எந்த ஊரிலிருந்தும் கைபேசியில் ஒப்புதல் தரலாம். வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் அனுப்பும் முறைகளில் நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும், 2 லட்சத்துக்குக் குறையாத தொகைகளுக்கான ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் முதலும் நாள் முழுவதும், விடுமுறையிலும் இயங்குகின்றன. அல்லது குறிப்பிட்ட தொகை வரை கையெழுத்திடும் அதிகாரத்தைக் கூட்டாளிக்கோ குடும்பத்தில் ஒருவருக்கோ வங்கியில் முறைப்படி எழுதிக் கொடுங்கள்.

கடன் கொடுத்தவர் ஈடாக வெற்றுக் காசோலைகள் வாங்கி வைத்திருக்கிறார். இது ஆபத்தா?

மிகவும். "கையெழுத்து மட்டும்தான் என்னுடையது, மீதியை அவர் நிரப்பிக்கொண்டார்" என்று சொன்னால் தப்பிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். பிர் சிங் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: ஏதோ ஒரு தொகைக்காக விருப்பத்தோடு கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைக்கும், அது கடனைத் தீர்க்கவே கொடுக்கப்பட்டது என்ற சட்ட அனுமானம் பொருந்தும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கொடுத்தவர்தான்.

வேறு வழியில்லாமல் கொடுத்தாக வேண்டும் என்றால், காசோலை எண்களைக் குறித்து, எந்தக் கடனுக்கு, எவ்வளவுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது என்று எழுதி அவருடைய கையெழுத்து வாங்குங்கள். பெயரையும், முடிந்தால் தொகையின் உச்சவரம்பையும் நிரப்பியே கொடுங்கள். கடன் தீர்ந்ததும் தாள் திரும்பி வராவிட்டால், எண்களைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். வாய்ச்சொல்லை நீதிமன்றத்தில் காட்ட முடியாது.

வாங்கியவர் பணம் போட்டுவிட்டதாகச் சொல்கிறார், வங்கியிலிருந்து செய்தியும் வந்திருக்கிறது. சரக்கை ஏற்றிவிடலாமா?

வந்திருக்கும் பணம் எந்த வகை என்று பார்க்காமல் ஏற்றாதீர்கள். வெளியூர் ஆர்டர்களில் அடிக்கடி நடக்கும் ஏமாற்று இது. முன்பின் தெரியாத ஒருவர் பெரிய ஆர்டர் தருவார், பேரம்கூடப் பேசமாட்டார். உங்கள் கணக்கு இருக்கும் வங்கியின் ஏதோ ஒரு கிளையில் காசோலையைப் போட்டுவிட்டு, "ஆர்டிஜிஎஸ் செய்துவிட்டேன்" என்பார். போட்ட காசோலையின் தொகை கணக்கு இருப்பில் தெரியும். ஆனால் அது இன்னும் தேறாத தொகை. லாரி வெளியே நிற்கிறது என்று அவசரப்படுத்துவார். மறுநாள் காசோலை திரும்பும். சரக்கும் ஆளும் போயிருக்கும்.

ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் என்றால் அதற்கென்று ஒரு பரிமாற்ற எண் அறிக்கையில் இருக்கும். எடுக்கக்கூடிய இருப்பில் தொகை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் கிளையில் கேளுங்கள், வாங்குபவர் தந்த எண்ணில் கேட்காதீர்கள்.

2025 அக்டோபர் 4 முதல் காசோலை கிளியரிங் வங்கி வேலை நேரத்தில் தொடர்ச்சியாக நடக்கத் தொடங்கியது. அன்றைக்குக் குறித்த நேரத்துக்குள் கிளியரிங்குக்கு வருபவற்றைப் பணம் தர வேண்டிய வங்கி இரவு 7 மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். பதில் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்று அப்போது விதிக்கப்பட்டது. ஆகவே ஒருநாள் காத்திருப்பது பெரிய சுமையில்லை. இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள்: உங்கள் கணக்கில் போலிக் காசோலை விழுந்தால் அதைத் தடுக்க உங்களுக்குக் கிடைக்கும் நேரமும் சில மணிகளாகச் சுருங்கிவிட்டது. வாரக் கடைசியில் கணக்குப் பார்ப்பது இனிப் போதாது.

டிமாண்ட் டிராஃப்ட் என்றால் நம்பலாமா?

உண்மையான டிராஃப்ட் என்றால் நம்பலாம். போலி டிராஃப்டும் புழக்கத்தில் உண்டு. 2018 செப்டம்பர் 15 முதல், வங்கியில் பணம் கட்டி டிராஃப்ட் எடுத்தவரின் பெயரும் அதன் முகப்பில் அச்சாக வேண்டும். பெயர் இல்லையென்றாலோ வேறு பெயர் இருந்தாலோ வாங்காதீர்கள். பெரிய தொகை என்றால் வழங்கிய கிளையின் எண்ணை நீங்களே தேடி எடுத்து விசாரியுங்கள்.

வாங்கிய காசோலைகளை வங்கிப் பெட்டியில் போடுவது பாதுகாப்பானதா?

கவுண்டரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீது தர மறுக்கவும், பெட்டியில்தான் போட வேண்டும் என்று வற்புறுத்தவும் வங்கிக்கு உரிமை இல்லை. தாளின் பின்புறம் உங்கள் கணக்கு எண்ணை எழுதுங்கள். காசோலையின் ஆயுள் மூன்று மாதம் என்பதால் பின்தேதியிட்ட தாள்களுக்குத் தேதிவாரியாக ஒரு பதிவேடு வையுங்கள். அலமாரியில் ரொக்கத்துக்குச் சமமாகப் பூட்டி வையுங்கள்.

வாங்கிய காசோலை திரும்பிவிட்டது. இது மோசடிதானா?

பெரும்பாலும் பணமில்லாமைதான். அதற்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு இருக்கிறது. வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும், அது போய்ச் சேர்ந்த பின் 15 நாள் அவகாசம், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். இந்தத் தேதிகளைத் தவறவிட்டவர்கள் ஏராளம். கையெழுத்து பொருந்தவில்லை என்ற காரணத்தால் திரும்பினாலும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேண்டுமென்றே கையெழுத்தை மாற்றிப் போட்டுத் தப்பிக்கும் தந்திரத்துக்கு அது முற்றுப்புள்ளி வைத்தது. வேறொருவரின் திருட்டுத் தாளையோ போலித் தாளையோ கொடுத்திருந்தால் அது தனிக் குற்றம். காவல் நிலையத்துக்குப் போக வேண்டும்.

மோசடி நடந்தது தெரிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

முதல் அழைப்பு வங்கிக்கு. பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அதை உடனே முடக்கச் சொல்லுங்கள். மோசக்காரர் அந்தப் பணத்தை இணைய வழியில் துண்டு துண்டாக வேறு கணக்குகளுக்கு அனுப்பிவிடுவார் என்பதால் நிமிடங்கள் முக்கியம். மீதித் தாள்கள் அனைத்துக்கும் பணம் கொடுப்பதை நிறுத்த உத்தரவிடுங்கள். நேர்மையாகக் கொடுத்த காசோலைகள் வெளியே இருந்தால் அவற்றைப் பெற்றவர்களிடம் சொல்லிவிட்டு இணைய வழியில் பணம் அனுப்பிவிடலாம்.

அன்றே கிளைக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு "பார்க்கிறோம் சார்" என்ற பதிலோடு திரும்புபவர்களே பின்னால் மிகவும் கஷ்டப்படுகிறார்கள். காசோலையின் இருபுறப் படத்தையும் கேளுங்கள். அசல் தாள், அதைக் கிளியரிங்குக்கு அனுப்பிய வங்கியில் 10 ஆண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டும். கையெழுத்து ஆய்வுக்கு அந்த அசல்தான் தேவைப்படும். அதை ஒதுக்கிவைக்கும்படி புகாரிலேயே கேட்டுவிடுங்கள்.

புகாரில் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் எழுப்புங்கள். ரிசர்வ் வங்கியின் 2014ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, 2 லட்சம் போன்ற ஒரு வரம்புக்கு மேற்பட்ட காசோலைகளைப் புறஊதா விளக்கில் பார்க்கவும், காசோலை கிளியரிங்குக்கு வந்ததும் கணக்குதாரருக்குக் குறுஞ்செய்தி அனுப்பவும், சந்தேகத்துக்குரியவற்றுக்குத் தொலைபேசியில் உறுதி கேட்கவும் வங்கிகளிடம் சொன்னது. இவற்றில் எதெல்லாம் செய்யப்பட்டன? பணம் போன கணக்கு எப்போது, எந்த ஆவணங்களின் பேரில் திறக்கப்பட்டது? வங்கியின் கவனக்குறைவு அநேகமாக இந்தப் பதில்களில்தான் வெளிப்படும்.

காவல் துறையில் எந்தப் பிரிவில் புகார் கொடுப்பது?

உள்ளூர்க் காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம். பெரிய தொகை என்றால் மாவட்டக் குற்றப்பிரிவு, சென்னையில் மத்தியக் குற்றப்பிரிவு. 2024 ஜூலை 1 முதல், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. மதிப்புமிக்க ஆவணத்தைப் போலியாக்குவது அதன் 338ஆம் பிரிவு, ஏமாற்றுதல் 318, ஊழியர் செய்யும் நம்பிக்கைத் துரோகம் 316இன் நான்காம் உட்பிரிவு. ஊழியர் என்றால் "குடும்பத்தோடு பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று பல முதலாளிகள் புகாரைத் தள்ளிப்போடுகிறார்கள். பேசுவது உங்கள் விருப்பம். ஆனால் முதல் தகவல் அறிக்கை இல்லாமல் வங்கியிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் உங்கள் கோரிக்கை வலுவிழக்கும்.

வங்கி பணத்தைத் திருப்பித் தர மறுத்தால்?

எழுத்தில் மறுப்பு வாங்குங்கள். மறுத்தாலோ 30 நாளில் பதில் வராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகக் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது அவர் தலையிடமாட்டார் என்பதால் எதை முதலில் செய்வது என்று வழக்கறிஞரிடம் கேட்டு முடிவெடுங்கள். இணையப் பரிவர்த்தனை மோசடிக்கு மூன்று வேலை நாளில் தெரிவித்தால் நஷ்டமில்லை என்ற 2017 விதியைக் காசோலைக்கும் பொருத்திப் பேசுகிறார்கள். அது மின்னணுப் பரிவர்த்தனைகளுக்கு வந்தது. அதை நம்பி மூன்று நாள் காத்திருக்க வேண்டாம்.

இதற்குக் காப்பீடு உண்டா?

ஊழியரின் நேர்மையின்மையால் வரும் நஷ்டத்துக்குத் தனிக் காப்பீடு இருக்கிறது. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தருகின்றன. வெளியாள் செய்த போலிக் காசோலைக்கு அது பொருந்துமா என்பதைப் பத்திரத்தில் பார்த்து வாங்குங்கள்.

வங்கி இணைப்புக்கு முந்தைய பழைய காசோலைத் தாள்கள் கிடக்கின்றன. செல்லாத தாள்தானே, வைத்திருந்தால் என்ன?

அலகாபாத் வங்கி 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு இணைந்தது. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி அதே ஆண்டு நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது. இவற்றின் பழைய புத்தகங்கள் பல கடைகளின் இழுப்பறைகளில் இன்னும் இருக்கின்றன. வங்கியில் பணமாகாவிட்டாலும், விவரம் தெரியாத ஒரு வியாபாரியிடம் உங்கள் கடையின் பெயரில் சரக்கு எடுக்க அந்தத் தாள் போதும். புத்தகத்தில் மிஞ்சிய எண்களைப் பட்டியலிட்டு, கிளையில் கொடுத்து ரத்து செய்ததற்குக் கடிதம் வாங்குங்கள். கிளை வாங்க மறுத்தால் அடிப்பட்டையையும் கையெழுத்து இடத்தையும் தனித்தனியாக நறுக்கி அழித்துவிட்டு, பட்டியலை மட்டும் தணிக்கைக் கோப்பில் வையுங்கள்.